கத்தரி இலைக்குள் ஒரு கூடு: தையல்சிட்டை வீட்டுத் தோட்டத்தில் குடிவைக்க முழு வழிகாட்டி

அந்த இலை சுருண்டிருந்தது. கத்தரியில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தால் இப்படித்தான் மடிந்து ஒட்டிக்கொள்ளும். கண்டவுடன் கிள்ளிக் கீழே போட்டு மிதித்துவிட்டுப் போவது என் வழக்கம். காம்பில் விரலை வைத்துவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆச்சி, "ஏட்டி, கிள்ளிராத. உள்ள எட்டிப் பாரு" என்றார். எட்டிப் பார்த்தேன். இரண்டு இலைகளை ஓரம் சேர்த்துத் தைத்த ஒரு பை, அதற்குள் பஞ்சு மெத்தை, மெத்தையில் புளியங்கொட்டை அளவில் மூன்று முட்டைகள்.

பாளையங்கோட்டையில் இருபது வருஷமாகச் செடி வளர்க்கிறேன். அதுவரை எத்தனை கூட்டைப் புழு என்று நினைத்து நசுக்கினேனோ, கணக்கு இல்லை. அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பெரிய செலவு எதுவும் கிடையாது. பாதி வேலை, செய்துகொண்டிருப்பதை நிறுத்துவதுதான்.

முதல் படி: காதால் பிடியுங்கள்

தையல்சிட்டு வராத தெரு திருநெல்வேலிப் பக்கம் அநேகமாக இல்லை. வாழைத்தோட்டம், ஆற்றங்கரை, பாபநாசம் மலையடிவாரக் காடு, வீட்டு முருங்கை என்று எல்லா இடத்திலும் இருக்கும். ஆனால் 'பார்த்திருக்கிறேன்' என்று சொல்பவர்கள் குறைவு. சிறிய குருவி எதைக் கண்டாலும் தேன்சிட்டு என்று சொல்லிவிடுவது நம்ம ஊர்ப் பழக்கம்.

முதலில் சத்தம். காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்கும் நேரத்தில் 'ட்விட்... ட்விட்... ட்விட்...' என்று ஒரே தாளத்தில், நிறுத்தாமல், உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல் கேட்டால் அதுதான். எடை 6 முதல் 10 கிராம் வரை இருக்கும். பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயம் 9 கிராம், அதை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அவ்வளவு உடம்பிலிருந்துதான் நாலு வீடு தள்ளிக் கேட்கும் அந்தக் குரல் வருகிறது.

அப்புறம் உருவம். முதுகு இலைப்பச்சை, நெற்றியும் உச்சியும் துருநிறம், வயிறு அழுக்கு வெள்ளை, நீண்டு லேசாக வளைந்த கூர் அலகு. வால் எப்போதும் மேலே தூக்கியபடி இருக்கும். கத்தும்போது கழுத்தின் இரண்டு பக்கமும் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்து மறையும். கழுத்து விரியும்போது இறகுக்கு அடியில் இருக்கும் கருந்தோல் வெளியே தெரிவதுதான் அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வாலின் நடு இறகுகள் இரண்டு ஊசிபோல நீண்டுவிடும். ஆணையும் பெண்ணையும் எளிதாகப் பிரித்தறிய அந்த ஒரு சமயம்தான் வசதி.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது சாம்பல் கதிர்க்குருவி. தலை சாம்பல், கண் சிவப்பு, வயிறு மங்கிய செம்மஞ்சள். அதுவும் இலையைத் தைத்துக் கூடு கட்டக்கூடியது என்பதால், கூட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். உச்சியில் துருநிறம் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

இரண்டாம் படி: தைக்கிற மாதிரி இலை

இதற்கு மரப்பெட்டிக் கூடு வேண்டாம். கடையில் விற்கிற மண்பானைக் கூட்டை வாங்கித் தொங்கவிட்டுவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு. அது சிட்டுக்குருவிக்கு. தையல்சிட்டுக்குத் தேவை அகலமான, மடக்கினால் முறியாத, உயிருள்ள இலை.

கத்தரி முதல் தரம். சீமை அத்தி, நாட்டு வாதுமை, தேக்கு, குரோட்டன்ஸ் இவற்றிலும் கட்டும். இலை பெரிதாக இருந்தால் ஒரே இலையைச் சுருட்டித் தைக்கும். சிறிதாக இருந்தால் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொள்ளும். என் தோட்டத்தில் கத்தரிக்கு அடுத்தபடி அதிகம் கட்டியது மதிலோரம் தானாக முளைத்த அத்திக் கன்றில். அதை வெட்டச் சொல்லி வீட்டில் ஒரு வருஷம் சண்டை நடந்தது. மதில் விரிசல் விடும் என்பது நியாயமான பேச்சுதான். கன்றைப் பெயர்த்துத் தொட்டிக்கு மாற்றினேன், சண்டையும் தீர்ந்தது.

இடம் இல்லாதவர்கள் இரண்டு பெரிய தொட்டியில் கத்தரி வைத்தாலே போதும். செடி இடுப்பளவு வளர்ந்து, இலை ஒன்றின்மேல் ஒன்று விழுகிற அடர்த்தி வர வேண்டும். காய்ப்பு ஓய்ந்த செடியை உடனே பிடுங்காதீர்கள். நமக்குப் பயன் தீர்ந்த செடிதான் அதற்கு வசதி, ஏனென்றால் தினமும் காய் பறிக்க யாரும் வந்து இலையை விலக்கிப் பார்க்க மாட்டார்கள். சுற்றிலும் செம்பருத்தி, நந்தியாவட்டை மாதிரி ஏதாவது ஒரு புதர் இருக்கட்டும். இந்தக் குருவி திறந்தவெளியில் பறக்கக் கூச்சப்படும். ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குத் தாவித் தாவித்தான் வரும்.

மூன்றாம் படி: நூல்

தைப்பது பெண். அது எப்படித் தைக்கிறது என்பதை ஒரே ஒரு முறை முழுதாகப் பார்க்கக் கிடைத்தது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இலையில் உட்கார்ந்து, எடை தாங்குமா என்று பார்க்கிற மாதிரி இரண்டு குதி குதித்தது. இலையின் ஓரத்தில் அலகால் ஒரு துளை. எதிர் ஓரத்தை இழுத்து, காலால் பிடித்தபடி, அங்கேயும் ஒரு துளை. பறந்து போய் வாயில் சிறு பஞ்சுத் துணுக்கோடு வந்தது. அதை ஒரு துளையில் செருகி, இன்னொரு துளை வழியே இழுத்து, வெளியே வந்த நுனியைப் பஞ்சாகப் பிரித்துவிட்டது. அவ்வளவுதான் ஒரு தையல். பிரிந்த பஞ்சு துளையைவிடப் பெரிதாகப் புடைத்து நிற்பதால் திரும்ப உருவிக்கொண்டு வராது. 19-ஆம் நூற்றாண்டுப் பறவையியலாளர் ஜெர்டன் இது முடிச்சுப் போடுகிறது என்று எழுதினார். முடிச்சு எதுவும் இல்லை என்று பின்னால் வந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். 1769-இல் பென்னன்ட் என்ற இயற்கையியலாளர் வைத்த அறிவியல் பெயரில் வரும் 'சுட்டோரியஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு, செருப்புத் தைப்பவருக்கு உரியது என்று பொருள். தையற்காரரைவிட இதுதான் சரியான பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது. அலகு ஊசியாக இல்லை, குத்தூசியாக வேலை செய்கிறது: முதலில் துளை, அதன்பின் நூல்.

துளை அத்தனை நுணுக்கமாக இருப்பதால் இலை பழுப்பேறுவதில்லை. இலையின் மேல்புறம் வெளியே தெரியும்படியே தைக்கும். அதனால் மற்ற இலைகளோடு கலந்துவிடும்.

நூலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, நூலாம்படையை முழுக்கத் துடைத்து எடுக்காதீர்கள். வீட்டுக்குள் உங்கள் விருப்பம். வெளியே, தார்சா என்கிற முன்வராந்தா மூலையிலும் மதில் இடுக்கிலும் மோட்டார் ரூமுக்குப் பின்னாலும் கொஞ்சம் விட்டுவையுங்கள். சிலந்தி நூல் அதற்கு முக்கியமான தையல் நூல். இரண்டு, ஒரு கை இலவம்பஞ்சோ, விதை நீக்காத பருத்தியோ, ஒரு கம்பிவலைத் துண்டில் திணித்துச் செடியில் கட்டிவிடுங்கள். எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன் என்ற பழைய இயற்கை ஆர்வலர் பஞ்சு வைத்து இதை எடுக்கவைத்தார். வேறொருவர் வைத்தபோது அது சீந்தவில்லை. என் வீட்டில் மூன்று வருஷத்தில் ஒரு வருஷம்தான் எடுத்தது. பக்கத்துக் காலி மனையில் எருக்கு வெடித்திருந்தால் நம் பஞ்சை ஏறெடுத்தும் பார்க்காது.

வண்ண நூல், தையல் மெஷினின் பாலியெஸ்டர் நூல், தலைமுடி இவற்றை வைக்கவே கூடாது. குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் இறுகிவிடும், அறுபடாது.

நான்காம் படி: மருந்தை நிறுத்துங்கள்

வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

தையல்சிட்டு பூச்சி தின்னி. அரிசி போட்டால் வராது, கம்பு போட்டாலும் வராது. சின்ன வண்டு, கம்பளி இல்லாத புழு, செடிப்பூச்சி, முட்டை, சிலந்தி என்று இலைக்கு அடியில் இருப்பதைப் பொறுக்கித் தின்னும். மாம்பூ காலத்தில் பூவுக்கு வரும் பூச்சியைத் தேடி மாமரத்துக்குப் போகும், பூந்தேனும் குடிக்கும். பூச்சி இல்லாத தோட்டம் அதற்கு அடுப்பு எரியாத வீடு.

ஒரு ஆவணி மாதம் கத்தரியில் மாவுப்பூச்சி அடையாக அடைந்தது. உரக்கடையில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். 'வீட்டுத் தோட்டத்துக்குத் தாராளமா அடிக்கலாம்' என்றார்கள். அடித்தேன். பூச்சி போயிற்று. மூன்றாம் நாள் அந்த 'ட்விட் ட்விட்' சத்தமும் போயிற்று. திரும்பக் கேட்க அடுத்த பங்குனி ஆயிற்று. மருந்தால் செத்ததா, இரை இல்லாமல் இடம் மாறியதா என்று நான் எப்படிச் சொல்ல? ஆனால் பாட்டிலை அன்றைக்கு அப்புறம் திறக்கவில்லை.

மாற்று வழி இதுதான்: மாவுப்பூச்சிக்குக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மிஞ்சியதைப் பழைய பிரஷ்ஷால் துடையுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால நேரத்தில். கூடு இருக்கிற செடியில் அதுவும் வேண்டாம். மண்ணில் போடும் குருணை மருந்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அது வேர் வழியே ஏறி இலையைத் தின்கிற புழுவுக்குள் போகும், புழுவிலிருந்து குஞ்சின் வாய்க்குப் போகும்.

புழு தின்ற ஓட்டை இலை நாலு இருந்தால் இருக்கட்டும். சொத்தைக் கத்தரிக்காய் பத்தில் இரண்டு என்பது நான் கொடுக்கிற வாடகை.

தண்ணீரைப் பற்றி

அகலமான மண்தட்டில் ஒரு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர், தினமும் மாற்ற வேண்டும், நிழலில் வைக்க வேண்டும். ஆனால் தட்டுக்கு மைனாவும் தவிட்டுக்குருவியும் வருகிற அளவு இது வராது. செடிக்கு மேலாகத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். நனைந்த இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும். அக்கினி நட்சத்திர நாட்களில் பதினொரு மணிக்கு ஒரு தரம் தெளித்துவிட்டு, அடுக்களை ஜன்னலில் நின்று பாருங்கள்.

ஐந்தாம் படி: கூடா, புழுவா?

இலையைக் கிள்ளும் முன் நான்கு விநாடி பார்த்தால் போதும். இலைச்சுருட்டுப் புழு மடித்த இலை உள்ளிருந்து சுரண்டப்பட்டு, பழுப்பேறிக் காய்ந்துபோயிருக்கும். பிரித்தால் கறுப்புக் கறுப்பாக எச்சம். தையல்சிட்டு தைத்தது பச்சைப் பசேல் என்றிருக்கும். ஓரம் நெடுக, யாரோ உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவைதான் தையல்கள். நுனி கீழே, வாய் மேலே, பை மாதிரி தொங்கும். பெரும்பாலும் நம் முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம்தான், அதனால்தான் கை பட்டுவிடுகிறது.

பறவையைப் பின்தொடர்ந்தும் கண்டுபிடிக்கலாம். பங்குனியிலிருந்து மார்கழி வரை எப்போது வேண்டுமானாலும் கட்டும். என் அனுபவத்தில் சித்திரைக் கோடைமழை விழுந்து புதுத்தழை விட்ட இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சுற்று, ஆடிக்காற்று அடங்கிய பின் இன்னொரு சுற்று. வாயில் பஞ்சோடு ஒரே திசையில் திரும்பத் திரும்பப் போனால் கூடு கட்டுகிறது. வாயில் புழுவோடு போனால் குஞ்சு இருக்கிறது. உங்களைப் பார்த்ததும் வாலை ஆட்டி ஆட்டி, பக்கத்திலேயே தாவிக்கொண்டு கத்தினால், நீங்கள் கூட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். இரண்டடி பின்னால் எடுத்து வையுங்கள்.

ஆறாம் படி: அடுத்த ஒரு மாதம்

கூட்டைக் கண்ட தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். வழக்கமாக மூன்று முட்டை. வெளிர்நீலமோ, லேசாகச் சிவந்த வெள்ளையோ, மேலே செம்பழுப்புப் புள்ளிகள். அடை காப்பது சுமார் 12 நாள். பொரித்த பின் குஞ்சு வெளியேற சுமார் 14 நாள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்துதான் ஊட்டும்.

இந்தக் காலத்தில் அந்தச் செடிக்குக் கத்தரிக்கோல் கிடையாது. காய் முற்றினால் முற்றட்டும். தண்ணீரை வேரில் விடுங்கள், மேலே தெளிக்காதீர்கள். பார்க்க வேண்டுமானால் பத்தடி தள்ளி நாற்காலி போட்டுப் பாருங்கள். போனில் படம் எடுக்க இலையை விலக்கக் கூடாது, பிளாஷ் கூடாது, போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது அறவே கூடாது. போட்டிக்கு வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, ஊட்டுகிற வேலையை விட்டுவிட்டு அது சண்டைக்கு அலையும். இலையை ஒரு முறை விலக்கினால் காக்கைக்கும் செம்போத்துக்கும் வழி காட்டிய கதைதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும் என்பதையும், கூட்டைப் பிய்த்து விளையாடக் கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

எதிரிகள் பல. பூனை, எலி, ஓணான், பாம்பு, செம்போத்து. எல்லாவற்றையும் தடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். வீட்டுப் பூனையை மட்டும் விடிகாலையிலும் சாயங்காலத்திலும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். செடித் தண்டைச் சுற்றி எலுமிச்சை முள்கிளைகளை வைத்தேன்; தெருப்பூனை அதைத் தாண்டி வந்ததில்லை. சாம்பல் வயிறுடைய சின்னக் குயில் ஒன்றும் இதன் கூட்டில் முட்டையிடும். தன்னைவிடப் பெரிய குஞ்சுக்கு இந்தச் சின்ன உருவம் ஊட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் மனசு கேட்காது. கேட்காவிட்டாலும் கை வைக்காதீர்கள்.

காற்று வேறு விஷயம். ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வருகிற காற்று பாளையங்கோட்டை வரைக்கும் சும்மா விடாது. கூட்டோடு கிளை தொங்கிவிட்டால் செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, கிளையை, இலையை அல்ல, பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாகக் கட்டுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் முடித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இதுவரை இரண்டு தடவை கட்டியிருக்கிறேன், இரண்டு தடவையும் தாய் திரும்பி வந்தது.

ஏழாம் படி: கீழே விழுந்த குஞ்சு

இறகு முளைக்காத குஞ்சு விழுந்தால் எடுத்துக் கூட்டிலேயே விட்டுவிடலாம். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வார்கள். அதற்குப் பயந்து தரையிலேயே விட்டால் எறும்பு மொய்த்துவிடும். இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, செடிக்கடியில் தத்தித் தத்திப் போகிறதா? அது விழவில்லை, கூட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறது. பெற்றவை இரண்டும் பக்கத்தில்தான் இருக்கும். நீங்கள் பெட்டிக்குள் போட்டு, பால் சோறு ஊட்டி, வயிற்றைக் கெடுக்காதீர்கள். பூனையை மட்டும் பிடித்துக் கட்டுங்கள்.

கணக்கு எழுத ஆசை இருந்தால்

ஒரு பழைய நோட்டு போதும். என்ன செடி, எத்தனை இலை, தரையிலிருந்து எத்தனை அடி, எப்போது பஞ்சு, எப்போது புழு, எத்தனை குஞ்சு வெளியேறியது. இதில் தோற்ற கூடுகளையும் எழுதுங்கள், அதுதான் பெரிய பாடம். ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணப் போகிறவர்கள் நம்ம பக்கம் உண்டு. அந்தப் பட்டியலில் நம் ஆளுக்கு இடம் கிடையாது. ஆனால் 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்று பதினைந்து நிமிஷம் கேட்டதை எழுதினாலே இதையும் சேர்த்துவிடலாம்.

குஞ்சுகள் போனபின் கூட்டை உடனே எடுக்காதீர்கள். இலை தானாகப் பழுத்து விழும். என்னிடம் அப்படி விழுந்த ஒன்று இருக்கிறது, ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் அலமாரியில். இலை காய்ந்து புகையிலை நிறமாகிவிட்டது. தையல் ஒன்றுகூட விடவில்லை.

சென்ற வாரம் மாலையில் பல்பைப் போட்டபோது, தார்சாவுக்கு வெளியே முல்லைக்கொடியின் மெல்லிய கிளையில் மூன்று பஞ்சு உருண்டைகள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் இரண்டு பெரியவை, நடுவில் ஒரு குட்டை வால். வெளிச்சத்தை அவை சட்டை செய்யவில்லை. ஆச்சியைக் கூப்பிட்டேன். மதிலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் போடாத ஏட்டி, ஒறங்கட்டும்" என்றார்.